தீயின் பின்னே நடந்த யானை

ஆனி, வளர்பிறை மூன்றாம் நாள்

அல்லியின் இடது முன்னங்காலில், நகத்தை ஒட்டி ஒரு வெடிப்பு. ஆட்டுக்கொழுப்பைக் காய்ச்சித் தடவினேன். வேப்பெண்ணெய் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. இந்த மலையில் வேம்பு என்று சொன்னால் அது என்ன மிருகம் என்று கேட்பார்கள்.

இன்றிலிருந்து எழுதி வைப்பதென்று உட்கார்ந்திருக்கிறேன். மாதமும் பிறையும் நானாக நிலவைப் பார்த்து வைத்துக்கொண்ட கணக்கு. முன்னே பின்னே இருக்கலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் தங்கை நங்கை கேட்பாள், இத்தனை காலம் அங்கே என்னதான் செய்தீர்கள் என்று. எனக்கு வாயால் சொல்ல வராது. ஓலையைக் கையில் கொடுத்துவிடலாம்.

வழியில் இது வேறு யார் கையிலாவது கிடைத்தால்: நான் கீரன், யானை வைத்தியன். பாரசீக மன்னர் வாங்கிய யானைகளோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன். வந்த யானைகளில் சில குளிரில் போயின. மற்றவை போரில் போயின. பாகர்களும் அப்படியே. மிஞ்சியது அல்லி என்ற பெண் யானை, அவள் பாகன் பூதன், நான். பூதன் நங்கையின் கணவன்.

இருக்குமிடம் பாரசீகத்தின் வடமேற்கு மலைநாடு. குன்றின் உச்சியில் ஆழம் தெரியாத ஓர் ஏரி. கரையில் தீக்கோயில். இவர்கள் உருவம் வைத்துக் கும்பிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அணையாமல் காத்துவரும் தீ ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லாம். அந்தத் தீக்கு மேலே மன்னர் ஒரு புதிய குவிமாடம் எழுப்புகிறார். குவிமாடத்துக்குள் வானம் சுழல வேண்டும் என்பது அவர் உத்தரவு. சுழற்றுவது அல்லி. கூடத்துக்கு அடியில் ஒரு நிலவறை. அதன் நடுவில் அச்சுமரம். செக்குமாடு போல அவள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தால் மேலே விண்மீன்கள் நகரும். தொடக்கவிழா முடிந்ததும் எங்களைக் கடற்கரைக்கு அனுப்பிக் கப்பலேற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

யவனப் பேரரசர் தம் படையோடு எல்லை ஆற்றைக் கடந்துவிட்டார் என்று இன்று பேச்சு. இங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனி, வளர்பிறை ஐந்தாம் நாள்

வெடிப்பு அப்படியே இருக்கிறது. கொழுப்பு தடவினேன். வேறு செய்தி இல்லை.

ஆனி, வளர்பிறை எட்டாம் நாள்

அப்தா இன்று என்னைக் குவிமாடத்துக்கு ஏற்றிக் காட்டினார். இதைக் கட்டும் சிற்பி அவர்தான். சிரிய நாட்டுக்காரர், சிலுவையை வணங்குகிறவர். அவருடைய நகரத்தைப் பாரசீகர் பிடித்தபோது கைதியாக இழுத்து வரப்பட்டவர். அவருக்கும் பாரசீக மொழி அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் பேச்சு சுலபம்.

தீ இருக்கும் கூடத்தில் அந்நியர் காலெடுத்து வைக்கக் கூடாது. வெளிச்சுவரில் கொத்தர்கள் ஏறும் படி வழியாக, குவிமாடம் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு துவாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"தலையை மட்டும் உள்ள விடுங்க வைத்தியரே. வாயைப் பொத்திக்கோங்க. மூச்சு தீ மேல படக்கூடாது. பூசாரி பார்த்தா என்னைத் தொலைச்சிடுவார்."

பார்த்தேன். கூடம் முழுவதையும் மூடும் அகலத்துக்குக் கேதுரு மரத்தில் ஒரு சக்கரம். அடர்நீலம் பூசி வெள்ளியில் விண்மீன்கள் பதித்திருக்கிறார். கீழே தீ அசைய அசைய அத்தனையும் மினுக்கின. சக்கரம் நகர்வதே முதலில் தெரியவில்லை. ஒரு விண்மீன் விளிம்புக்குப் பின்னால் மெல்ல மறைந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று எழுந்தது. சத்தமே இல்லை. துவாரத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். உயரம் அப்படி.

"நடுவுல உட்கார்ந்திருக்கிற உருவம் யாரு?" என்றேன்.

"மன்னர். விண்மீனுக்கு நடுவுல தன்னை வைக்கச் சொன்னார், வச்சேன்." அப்தா குரலைத் தணித்தார். "அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காதது. மத்ததெல்லாம் கடவுள் எனக்குக் கனவுல காட்டினது."

"எந்தக் கடவுள்? உங்களோடதா, இவங்களோடதா?"

"கனவுல அதெல்லாம் கேக்கத் தோணல."

இறங்கி நிலவறைக்குப் போனேன். பூதன் அல்லியை நிறுத்தித் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"நாள் முழுக்கச் சுத்துறோமே மச்சான், மேல என்னதான் நடக்குது?"

"வானம் நடக்குது மாப்ளே."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

அவன் அல்லியின் காதுக்குப் பின்னால் தட்டிக்கொடுத்தான். "கேட்டியாடி? நல்லா இருக்காம்."

ஆனி, வளர்பிறை பத்தாம் நாள்

கோயிலில் விறகு பிளக்கும் ஆள் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். இவர்கள் இறந்தவரைப் புதைப்பதில்லை, எரிப்பதில்லை. பிணம் பட்டால் மண்ணும் நீரும் தீயும் தீட்டாகிவிடும் என்கிறார்கள். பாறை மேல் கிடத்திவிடுகிறார்கள், கழுகுகள் வருகின்றன. பிணத்தைத் தனி ஆள் தூக்கவும் கூடாது. இரண்டு பேராவது பிடிக்க வேண்டும். அவர்களும் இதற்கென்றே இருப்பவர்கள். அவர்கள் தீப்பக்கம் வருவதில்லை.

தலைமைப் பூசாரி மாஹ்தாத்திடம் பூதன் கேட்டுவிட்டான்: "எங்க ஊர்ல எரிப்போம் சாமி. அது தப்பா?"

மாஹ்தாத்துக்கு என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவர். தீயின் முன்னால் நிற்கும்போது வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வார். இன்று துணியை அவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "பிணத்தைத் தீயில போடறதைவிடப் பெரிய பாவம் எங்க சட்டத்துல இல்லை. இங்க இருக்கிற வரைக்கும் இனி அந்தப் பேச்சை எடுக்காதே."

அவர் போனதும் பூதன் பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனி, வளர்பிறை பதின்மூன்றாம் நாள்

விழாவுக்கென்று வந்து தங்கியிருந்த மன்னர் போய்விட்டார். காவல்படை, பெட்டிகள், கோவேறு கழுதைகள், குதிரைகள் எல்லாம் விடிவதற்குள் தெற்கே கிளம்பிவிட்டன. யவனர் மூன்று நாள் தொலைவில் இருக்கிறார்களாம். நம் மன்னர் அவர்களுடைய புனித நகரத்தைப் பிடித்து எரித்தவர். அதற்குப் பதில் சொல்லத்தான் வருகிறார்கள்.

மிஞ்சிய வீரர்களை வைத்துக் கணவாயை மறிக்கப் போகிறேன் என்று ஒரு படைத்தலைவன் நிலவறைக்குள் வந்தான். அல்லியைக் காட்டி, "இதை அவிழ்" என்றான்.

"இவ போர் யானை இல்லைங்க" என்றேன். "கொம்பு இல்லை, பயிற்சி இல்லை. கால்ல வேற வெடிப்பு."

"யவனக் குதிரைங்க யானையைக் கண்டதில்லை. வாடை பட்டாலே மிரளும். நிறுத்தி வச்சா போதும்."

பூதன் அங்குசத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். "விடுங்க மச்சான். சும்மா நிக்கத்தானே கூப்பிடறாங்க."

நானும் வருகிறேன் என்றேன். வைத்தியன் வேண்டாம் என்றான் படைத்தலைவன். அல்லி படியேறி வெளிச்சத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

ஆனி, பௌர்ணமி

செய்தி இல்லை. நிலவறையைக் கூட்டினேன்.

ஆனி, தேய்பிறை முதல் நாள்

செய்தி இல்லை. அப்தா ஓர் ஆளும் இல்லாமல் தனியாகச் சாரத்தில் ஏறி இன்னும் ஏதோ வெள்ளி அறைந்துகொண்டிருக்கிறார். இறங்கி வாருங்கள் என்றால், "நாலே நாலு விண்மீன் பாக்கி" என்கிறார்.

ஆனி, தேய்பிறை இரண்டாம் நாள்

வந்துவிட்டார்கள். அல்லி தானாகவே வழி கண்டுபிடித்து வந்திருக்கிறாள். பூதன் அவள் கழுத்தில் குப்புறப் படுத்திருந்தான். படைத்தலைவன் இல்லை. அவன் ஆட்களில் யாரும் திரும்பவில்லை.

அல்லிக்கு உடம்பெங்கும் அம்பு கீறிய தடங்கள். ஒன்றும் ஆழமில்லை. பூதனுக்கு விலாவுக்குக் கீழே ஈட்டி பாய்ந்திருக்கிறது. காயத்தின் வாய் சின்னது. குடல் வெளியே வரவில்லை. திராட்சை மதுவால் கழுவிக் கட்டினேன். வாடை கொஞ்சம் இருக்கிறது. காயம் என்றால் வாடை இருக்கத்தான் செய்யும். இதே இடத்தில் ஈட்டி வாங்கிய களிறு ஒன்றை முன்பு பார்த்திருக்கிறேன். அது வேறு.

"நல்லா நின்னா மச்சான்" என்றான். "குதிரை எல்லாம் மிரண்டுச்சு. அப்புறம் ஆளுங்க இறங்கி நடந்தே வந்துட்டாங்க."

"பேசாதே."

"தண்ணி குடுங்க."

குடலில் காயம் பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். குடலில் படவில்லை.

ஆனி, தேய்பிறை மூன்றாம் நாள்

மாஹ்தாத் நிலவறைக்கு வந்தார். இதற்கு முன் அவர் இங்கே இறங்கியதில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"தீயைக் கொண்டு போறோம். தெற்கு மலை தாண்டி இன்னொரு கோயில் இருக்கு. கலசத்தை எங்க நாலு பேர் தோள்ல தூக்குவாங்க. ஆனா வழியில மொட்டைப் பாறை. ஒரு சுள்ளி கிடைக்காது. காய்ஞ்ச விறகு கூட வரலேன்னா தீ அணைஞ்சிடும். கழுதை எல்லாத்தையும் மன்னரோட ஆளுங்க கொண்டு போயிட்டாங்க."

"யானை வேணும்" என்றேன்.

"ஆமா. அவ பின்னால விறகு சுமந்து வரணும். அந்தக் கோயில்ல இருந்து கடற்கரைக்கு ஆள் போட்டு அனுப்பறேன். இது என் வாக்கு."

"அல்லி பூதன் சொன்னாத்தான் நடப்பா. அவன் கழுத்துல இருக்கணும்."

அவர் வைக்கோலில் கிடந்தவனை அங்கிருந்தே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ரத்தம் கசியுதே."

"நின்னுடும் சாமி."

"வழியில அவன் செத்தா விறகு தீட்டாயிடும். தீட்டுப்பட்ட விறகைத் தீயில வைக்க மாட்டேன். தீ அணையும். எத்தனை தலைமுறையா எரியற தீ, என் கையில அணையும். அதனால கேக்கறேன், நீங்க வைத்தியர், உண்மையைச் சொல்லுங்க. அவன் பிழைப்பானா?"

"பிழைப்பான்."

"சத்தியமா?"

"யானையையே பிழைக்க வைக்கிறவன் நான்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "விறகு மேல அவன் சாயக்கூடாது. கழுத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சாயங்காலம் அப்தாவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "வர்றவங்க என் மதத்துக்காரங்க வைத்தியரே. சிலுவைக்காரங்க. மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா யாருக்குமே இடிக்க மனசு வராது."

"சுத்தறதுக்கு யானை இல்லையே."

"நின்னு போன வானமும் வானம்தான்" என்றார். எனக்கு வழிக்கு இரண்டு ரொட்டியும் ஒரு பாலாடைக்கட்டியும் கொடுத்தார்.

ஆனி, தேய்பிறை நான்காம் நாள்

கிளம்பிவிட்டோம். முன்னால் இளம் பூசாரிகள் நால்வர் தோளில் தீக்கலசம். அருகில் மாஹ்தாத், வாய்க்கட்டோடு. காற்று எங்களிடமிருந்து தீயை நோக்கி வீசாதபடி இடைவெளி விட்டு, பின்னால் அல்லி. முதுகின் இருபுறமும் விறகுக் கட்டு. கழுத்தில் பூதன். நான் அவள் காலடியில்.

நடுப்பகலில் திரும்பிப் பார்த்தோம். குன்றின் மேல் புகை. முதலில் மெலிதாக இருந்தது. பிறகு குவிமாடம் இருந்த இடத்திலிருந்து கருப்பாக எழுந்தது. கேதுரு மரம் எரிந்தால் அப்படித்தான் கருக்கும் என்றான் ஓர் இளம் பூசாரி. ஏரியில் பிணங்களைப் போடுகிறார்கள் என்று குன்றுப் பக்கமிருந்து ஓடிவந்த ஓர் இடையன் சொன்னான். சிற்பி ஒருவர் இருந்தாரே என்று கேட்டேன். விண்மீனுக்கு நடுவில் மன்னர் உருவத்தைக் கண்டதும் யவனருக்கு வெறி ஏறிவிட்டதாம். மனிதனைக் கடவுளாக வைத்தவன் யார் என்று கேட்டார்களாம். நான்தான் கட்டினேன் என்று ஒரு கிழவர் அவர்கள் பாஷையிலேயே சொன்னாராம். அதற்குமேல் இடையன் பார்க்கவில்லை.

அப்தா கிழவர் அல்ல. அவருக்குத் தாடி சீக்கிரம் நரைத்துவிட்டது.

மாஹ்தாத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆனி, தேய்பிறை ஐந்தாம் நாள்

ஏற்றம். அல்லியின் வெடிப்பில் கல் ஏறியிருந்தது, எடுத்தேன். பூதன் பாதி வழி பாடிக்கொண்டு வந்தான். உடம்பு சுடுகிறது. வெயில்.

இளைப்பாற நின்றபோது கூப்பிட்டான்.

"மச்சான், என்னைக் கழுகுக்குப் போட விட்டுடாதீங்க."

"யாரைப் போடறாங்க? உளறாதே."

"எரிச்சிடுங்க. நங்கை கேப்பா. என்ன செஞ்சீங்கன்னு கேப்பா. பாறையில போட்டோம்னு சொன்னா அவ தாங்க மாட்டா."

"ஊருக்குப் போய் நீயே அவகிட்டப் பேசிக்கோ."

"சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சரின்னு சொல்லுங்க மச்சான்" என்றான்.

சொன்னேன். அவன் வாயை அடைக்கத்தான் சொன்னேன். இந்த மலையில் அப்படி ஒரு தீ மூட்டினால் யவனக் குதிரை வீரர்களுக்கு நாமே விளக்கு காட்டியது போலாகும். மன்னரின் பொன் எங்களோடு போகிறது என்று நினைத்துத் துரத்துகிறார்களாம். தவிர, பூசாரிகள் என்னைக் கொன்றுபோடுவார்கள். அதெல்லாம் வேண்டியிருக்காது.

ஆனி, தேய்பிறை ஆறாம் நாள்

ஆறு குறுக்கிட்டது. அல்லி கரையில் நின்றுவிட்டாள். பூதன் தூங்கிக்கொண்டிருந்ததால் நானே அவள் காதருகே போய், அவன் குரலைப் போலவே, "நட தாயி, நட" என்றேன். மூன்றாம் முறைக்கு இறங்கினாள்.

பூதன் நன்றாகத் தூங்குகிறான். சுரம் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்துவிட்டது. விழாமலிருக்க அவன் இடுப்பையும் கால்களையும் கயிற்றால் அவள் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஈத்தொல்லை அதிகம். முகத்தை என் மேல்துண்டால் மூடினேன்.

அல்லி அடிக்கடி துதிக்கையை மேலே தூக்கி அவன் பாதத்தைத் தடவிப் பார்க்கிறாள். விறகு உறுத்துகிறது போலிருக்கிறது. சுமையை நகர்த்திக் கட்டினேன். அதன் பிறகும் தடவுகிறாள்.

வழி நெடுக அவனிடம் பேசிக்கொண்டே வந்தேன். நங்கையின் கல்யாணத்தன்று மழை கொட்டியது, பந்தல் சாய்ந்தது, இவன் யானையைக் கொண்டுவந்து பந்தலைத் தாங்க நிறுத்தினான். அதையெல்லாம் நினைவுபடுத்தினேன். தூங்குகிறவனுக்குப் பேச்சுக்குரல் நல்லது.

மாஹ்தாத் ஒருமுறை பின்னால் வந்து, தூரத்தில் நின்று, "எப்படி இருக்கான்?" என்றார்.

"தூங்கறான் சாமி."

"நல்லது" என்றார். இடைவெளியை இன்னும் அதிகமாக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனி, தேய்பிறை ஏழாம் நாள்

உச்சிப்பொழுதில் மாஹ்தாத் தனியாக வந்தார். நான் அல்லிக்குத் தவிடு உருட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிட மாட்டேன் என்று அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்போ?" என்றார்.

"என்னது எப்போ?"

"வைத்தியரே, ஆத்தங்கரையிலேயே எனக்குத் தெரியும்."

கையில் தவிட்டு உருண்டை இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை. "ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடி" என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நடந்த மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கேட்டேன்: "தெரிஞ்சும் ஏன் சாமி சும்மா இருந்தீங்க?"

"யானை ஆத்தைக் கடக்காம விறகு வராது. விறகு இல்லாம தீ வராது." நிறுத்தினார். "அதோட, நீங்க அவனோட பேசிட்டே வந்தீங்க. அதை நிறுத்த எனக்கு மனசு வரல. ரெண்டும் பாவம்தான்."

அப்போதுதான் முன்னாலிருந்து ஓர் இளம் பூசாரி கத்தினான். கீழ்ச்சரிவில் தூசி தெரிந்தது. குதிரைகள். மேலே இரு முகடுகளுக்கு நடுவே இருக்கும் மலைக்கழுத்தைத் தாண்டினால் அடுத்த பக்கம் கோயில். ஆனால் கலசத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

"விறகுல அவன் உடம்பு பட்டுச்சா?" என்றார் மாஹ்தாத்.

"இல்ல சாமி. ஒரு கணம்கூட. அதைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

"அப்போ அந்த நாலு பேரும் முடிஞ்ச மட்டும் விறகை முதுகுல கட்டிக்கட்டும்."

நான் எழுந்தேன். "சாமி, மிச்ச விறகை எனக்குக் குடுங்க. இங்க புகை எழுந்தா அவங்க இங்கதான் வருவாங்க. தீ போற பக்கம் போக மாட்டாங்க."

நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது. தூசியைப் பார்த்தார். கலசத்தைப் பார்த்தார்.

"எங்க சட்டத்துல இதுக்கு மன்னிப்பு கிடையாது வைத்தியரே."

"அப்போ வேண்டாமா?"

"வேண்டாம்னு நான் சொல்லல. மன்னிப்பு இல்லைன்னுதான் சொன்னேன்."

அவர்கள் விறகை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நான் கயிற்றை அவிழ்த்தேன். பூதன் என்மேல் சரிந்தான். தாங்க முடியாமல் இருவரும் விழுந்தோம். உடம்பு விறைத்துப்போயிருந்தது. தோளைப் பிடித்து இழுத்தால் கால் பாறையில் மாட்டியது. காலைத் தூக்கினால் தலை தரையில் உரசியது. வாய்விட்டு அழுதுகொண்டே இழுத்தேன்.

"தனியாத் தூக்கக் கூடாது" என்று பின்னால் குரல் கேட்டது.

மாஹ்தாத் திரும்பி வந்திருந்தார். சற்றுத் தொலைவில் அந்த நால்வரும் கலசத்தோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் வெள்ளைத் துணி இல்லை. அதை அவர்களில் மூத்தவன் கையில் பிடித்திருந்தான்.

"நீங்க போங்க சாமி. உங்களுக்குத் தீ இருக்கு."

"அவங்களுக்கு மந்திரமெல்லாம் தெரியும். நான் நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கேன்." குனிந்தார். ஒரு கணம் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு பூதனின் இரண்டு கால்களையும் இறுகப் பிடித்தார். "தலையை நீங்க பிடிங்க."

அந்த நால்வரில் ஒருவன் ஓ என்று அழுதான். பிறகு அவர்கள் திரும்பி ஏறத் தொடங்கினார்கள்.

விறகை அடுக்கினோம். நாங்கள் ஒதுங்கியபோது அல்லி ஒரு கட்டையை எடுத்து அவன்மேல் வைத்தாள். யாரும் சொல்லவில்லை. வாய்க்கரிசிக்கு அரிசி இல்லை. வாற்கோதுமை போட்டேன். சிக்கிமுக்கிக் கல்லில் நானே தீ எடுத்தேன். மாஹ்தாத் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

பச்சைப் புதர்களை மேலே போட்டதும் புகை கெட்டியாக எழுந்தது. முழுக்க எரிந்ததா என்று நின்று பார்க்க முடியவில்லை. எலும்பு பொறுக்கவும் முடியவில்லை. நங்கைக்கு இதை எழுதித்தான் ஆக வேண்டும். அல்லி நகர மறுத்தாள். இருவரும் சேர்ந்து தள்ளினோம். குதிரை இறங்காத செங்குத்துச் சரிவில் அவள் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். அவள் வாலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இறங்கினோம்.

கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன். குதிரைகள் எல்லாம் புகையை நோக்கித் திரும்பியிருந்தன. மலைக்கழுத்தில் யாரும் இல்லை. தாண்டிவிட்டார்கள்.

ஆனி, தேய்பிறை எட்டாம் நாள்

பள்ளத்தாக்கில் நீரோடை இருக்கிறது. அல்லி தண்ணீர் குடித்தாள். இன்னும் தின்னவில்லை. அவள் கால் வெடிப்பு அகலமாகிவிட்டது. தடவக் கொழுப்பு இல்லை. இவள் கடல்வரை நடப்பாளா என்றால், மாட்டாள். வைத்தியனாகச் சொல்கிறேன்.

பொழுது சாயும்போது குளிர்காற்று எழுந்தது. முள்செடிகளைக் கூட்டி அடுப்பு மூட்டி வாற்கோதுமைக் கஞ்சி வைத்தேன். மாஹ்தாத் தொலைவில் ஒரு பாறையின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மேலாடை அவரிடம் இல்லை. அதைப் பூதனுக்குப் போர்த்தியிருந்தோம்.

"கிட்ட வாங்க சாமி. நடுங்குறீங்க."

"நான் தீக்கிட்ட வரக்கூடாது."

"இது கஞ்சி வைக்கிற அடுப்பு. கோயில் தீ இல்லையே."

"எனக்கு எல்லாத் தீயும் ஒண்ணுதான் வைத்தியரே."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

அவர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டார். கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். காற்றில் அவர் பற்கள் அடித்துக்கொண்டன. தீயின் சூடு இல்லாமல் ஒரு நாளும் இருந்திராத மனிதர்.

என்னால் அந்த அடுப்பின் முன்னால் உட்கார முடியவில்லை. அணைத்துவிடலாம் என்று ஓடைத் தண்ணீரை எடுத்து வந்தேன்.

"ஊத்தாதீங்க!" என்று பதறி எழுந்துவிட்டார். "வேண்டாம். அது பாட்டுக்கு எரியட்டும். நீங்க உட்கார்ந்து காயுங்க."

தண்ணீரைக் கீழே வைத்தேன். நடந்துபோய் அவர் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தேன். போங்கள் என்று இரண்டு முறை சொன்னார். நான் எழவில்லை. பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். அல்லி வந்து காற்று வரும் பக்கமாக எங்களை மறைத்து நின்றாள்.

அடுப்பு அங்கே, யாரும் குளிர்காயாமல், முட்கள் தீரும்வரை எரிந்துகொண்டிருந்தது.